மணாலிக்குப் போகிறோம், கூலிங் கிளாஸ் போதுமா?

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மே இரண்டாம் வாரம் குடும்பமாக ஒன்பது பேர் மணாலி போகிறார்களாம். அங்கிருந்து பனி பார்க்க சோலங், அடல் சுரங்கம் வழியாக சிஸ்ஸு, பாதை திறந்திருந்தால் ரோதாங் கணவாய். அவர் கேள்வி இதுதான்: “எல்லாரும் நல்ல கண்ணாடி எடுத்துட்டு வாங்கன்னு டூர்க்காரர் சொல்றாருங்க. நம்மூர் மே மாச வெயிலுக்கே நாங்க கண்ணாடி போடறதில்ல, அந்தக் குளிருக்கு எதுக்குங்க? பையன் பவர் கண்ணாடி போடறவன். அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) கண்புரை ஆபரேஷன் ஆயிருக்கு. ரோட்டோரம் விக்கற இருநூறு ரூபாய் கூலிங் கிளாஸ் போதுங்களா?”

விலையை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். இருநூறு ரூபாய்க்கு நல்லதும் அகப்படும், நாலாயிரத்துக்கு மோசமானதும் அகப்படும். ஆனால் கண்ணாடி இல்லாமல் பனி மேல் இறங்காதீர்கள், ஒன்பது பேரில் ஒருவர்கூட. கோவை கணபதியில் 22 வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் எங்கள் அப்பாவின் கிரில் பட்டறையில் வளர்ந்தவன். இந்த விஷயத்தில் கடையைவிடப் பட்டறைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு அவசரமாக கேட் செய்துகொண்டிருந்தார்கள். ஆங்கிளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வெல்டிங் ராடு தொடுவதற்கு முன் அப்பா ஒவ்வொரு முறையும் “அந்தப் பக்கம் பாரு” என்பார். நானும் திரும்பிக்கொள்வேன். ஆனால் அந்த நீலவெள்ளை வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்க எந்தப் பையனால் முடியும்? விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மத்தியானம் முழுக்க அப்படித்தான். சாயங்காலம் ஒன்றுமே இல்லை. கிரிக்கெட் விளையாடினேன், சாப்பிட்டேன், படுத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு விழிப்பு வந்தபோது இரண்டு கண்ணிலும் யாரோ ஆற்று மணலை அள்ளிப் போட்டு இமையைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. திறந்தால் எரிகிறது, மூடினால் உறுத்துகிறது. கண்ணீர் காது வரைக்கும் ஓடுகிறது. அம்மா எழுந்து லைட்டைப் போட்டதும் நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அமுச்சி வந்துவிட்டார். உருளைக்கிழங்கைத் துருவி வைத்தார்கள். கிணற்றடி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்து மூடிய இமை மேல் ஒற்றினார்கள். அப்பா திட்டவே இல்லை. ஈரத் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்துக்கொண்டு விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எத்தனையோ முறை வந்ததுதான்.

பட்டறைக்காரர்கள் இதை “வெல்டிங் அடிச்சிருச்சு” என்பார்கள். பனிக்குருடு என்பதும் இதே சமாச்சாரம்தான். மருத்துவர்கள் இரண்டையும் போட்டோகெராடைடிஸ் என்று ஒரே பெயரில் எழுதுவார்கள். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் (யூவி) கதிரில் வெந்துபோவது. வெல்டிங்கில் ராடு முனையிலிருந்து வருகிற புற ஊதாக் கதிர், பனியில் சூரியனிலிருந்து வந்து தரையில் பட்டுத் திரும்புகிற புற ஊதாக் கதிர். கதிர் படும்போது வலிக்காது. அந்த மேல்தோல் செல்கள் செத்து உதிர ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உதிர்ந்ததும் அடியில் இருக்கிற நரம்பு நுனிகள் வெளியே தெரிந்துவிடும். உடம்பிலேயே நரம்பு மிகவும் நெருக்கமாக இருக்கிற இடங்களில் கருவிழியும் ஒன்று, அதனால்தான் அந்த வேதனை. பகலில் பனியில் ஆடிவிட்டு ராத்திரி ஓட்டல் அறையில் அழுவது இப்படித்தான் நடக்கிறது.

இப்போது “குளிருக்கு எதுக்குங்க” என்ற கேள்வி. நம்மைக் கெடுப்பதில் பாதி இந்தப் ‘பனி’ என்ற சொல்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். நமக்குப் பனி என்றால் மார்கழி. புல் மேல் நிற்கிற ஈரம், தலைக்குக் குல்லா, காதுக்கு மப்ளர். ஊட்டியில் ஜனவரியில் விழுவதும் உறைபனிதான், சூரியன் ஏறினால் கரைந்துவிடும். அங்கே ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கிற வெண்பனிக்கும் நமக்கு அதே சொல்தான் இருக்கிறது. அதனால் நம் ஆட்கள் ஸ்வெட்டர் நான்கு எடுத்துக்கொள்கிறார்கள், கண்ணாடியை மறந்துவிடுகிறார்கள். வெயில் உறைத்தால் நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். அங்கே வெயில் உறைக்காது, காற்று சில்லென்று இருக்கும். எவ்வளவு நேரம் நின்றோம் என்று உடம்பு கணக்கு வைப்பதில்லை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். புல்தரையும் மண்ணும் தங்கள் மேல் விழுகிற புற ஊதாவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். காய்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம் அளவுக்கு. புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை. அதாவது தலைக்கு மேல் ஒரு சூரியன் என்றால் காலுக்குக் கீழே கிட்டத்தட்ட இன்னொன்று. அப்புறம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா 10 முதல் 12 சதவீதம் கூடும். கோவை சுமார் 410 மீட்டரில் இருக்கிறது, ரோதாங் 3,978 மீட்டரில். இடையில் மூன்றரைக் கிலோமீட்டர் காற்றுப் போர்வை குறைந்துவிடுகிறது.

நம் கண் குழி அமைந்திருக்கிற விதமே மேலிருந்து வருகிற வெயிலுக்குத்தான். புருவ எலும்பு ஒரு தாழ்வாரம் மாதிரி நிழல் கொடுக்கும், மேல் இமை பாதியை மறைக்கும், கண்ணைச் சுருக்கினால் மீதியும் போய்விடும். நம் காட்டு வேலைக்காரர்கள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க முடிவது இதனால்தான். (அப்படியும் வருஷக் கணக்கில் வெயிலிலும் புழுதியிலும் நின்றவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்திருப்பதை என் கடையில் வாரம் இரண்டு பேரிடமாவது பார்க்கிறேன். அதிலும் புற ஊதாவுக்குப் பெரிய பங்கு உண்டு.) கீழேயிருந்து அடிக்கிற வெளிச்சத்துக்கு இந்தத் தாழ்வாரம் எதுவும் செய்யாது. தொப்பி போட்டாலும் அதே கதை. தொப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள். தொப்பி இருக்கிறதே என்று கண்ணாடியை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் போயிருந்தால் இவ்வளவு பயமுறுத்தியிருக்க மாட்டேன். அந்த மாதம் அங்கே சூரியன் தாழ்வாக ஓடும், புற ஊதா குறைவு. கூசுவது கூசும், ஆபத்து குறைவு. மே மாதம் அப்படி இல்லை. சூரியன் உச்சிக்குப் பக்கம் வந்திருக்கும், மேலே பனியும் மிச்சமிருக்கும். இரண்டும் சேர்கிற பருவம் அது. காலை பத்து முதல் மூன்றரை வரை தீவிரம், நம் ஆட்கள் பனியில் இருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

மேகம் மூடியிருந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 2016 ஜூன் முதல் வாரம் எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் ரோதாங் போனோம். ஆளுக்கொரு கண்ணாடி என் கடையிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அத்தை மட்டும் தன்னுடையதை வேன் சீட்டிலேயே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னுடையதைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, மெல்லிய மேகம். அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், புற ஊதாவில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும் என்று தெரிந்தே, இரண்டு மணி நேரம்தானே என்று நின்றேன். ராத்திரி எட்டு மணிக்கு ரொட்டியைப் பிய்க்கும்போது ட்யூப் லைட்டைச் சுற்றி ஒரு பஞ்சு வட்டம் தெரிந்தது. அப்போதே புரிந்துவிட்டது. பத்து மணிக்கு ஒன்பதாம் வகுப்பு ராத்திரி திரும்பி வந்துவிட்டது. “ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கற ஆளு” என்று வீட்டுக்காரம்மா சொன்னதை இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது எடுத்துப் பேசுகிறார்கள். மறுநாள் எல்லோரும் ஹடிம்பா கோயிலுக்குப் போனார்கள். நான் திரையை இழுத்துவிட்டு, கண்ணில் ஈரக் கைக்குட்டையோடு படுத்திருந்தேன்.

மலையேறிகளிலேயே பெரிய ஆளுக்கு இது நடந்திருக்கிறது. 1924 ஜூன் 4ஆம் தேதி எட்வர்ட் நார்ட்டன் எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் 8,570 மீட்டர் வரை ஏறினார். பெரும்பாலும் பாறை மேல்தான் நடை, பனி குறைவு என்று கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அன்று ராத்திரியே பார்வை மறைந்தது, மீள இரண்டு நாளுக்கு மேல் ஆனது. வேனை விட்டு இறங்கியதும் போடுங்கள், திரும்ப ஏறிய பிறகு கழற்றுங்கள் என்று நான் சொல்வதற்கு அவரும் ஒரு காரணம். காலடியில் பனி இல்லாவிட்டாலும் எதிர்ச்சரிவு முழுக்க இருக்கும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம்.

இருட்டாக இருப்பதும் புற ஊதாவைத் தடுப்பதும் இரண்டு தனித்தனி வேலை. கடையில் பாதிப் பேருக்கு இதைப் புரிய வைக்க முடியவில்லை. சாயம் வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸ் பொருளும் அதில் கலந்திருக்கிற மருந்தும். பாலிகார்பனேட் லென்ஸ் என்றால் வெறுமனே கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் புற ஊதாவில் கிட்டத்தட்ட முழுவதையும் நிறுத்திவிடும். மருந்தில்லாத மலிவு பிளாஸ்டிக்கில் கறுப்புச் சாயம் மட்டும் ஏற்றியிருந்தால், அது போடாமல் இருப்பதைவிட மோசமாகக்கூட முடியும். இருட்டு என்று நினைத்துக் கண்ணின் பாப்பா விரியும், கண்ணைச் சுருக்கவும் மாட்டோம், திறந்த வாசல் வழியாகக் கதிர் தாராளமாகப் போகும். அதனால் லேபிளில் ‘யூவி 400’ என்று இருக்கிறதா பாருங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று அர்த்தம்.

லேபிளை எவன் வேண்டுமானாலும் ஒட்டலாமே என்கிறீர்கள். உண்மைதான். ஓரளவு பெரிய கண்ணாடிக் கடைகளில் யூவி பார்க்கிற சின்ன மெஷின் இருக்கும், வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். இல்லாவிட்டால் ஜவுளிக் கடையிலோ மண்டியிலோ கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு இருக்குமே, அது போதும். கல்லா ஓரத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து விளக்கைக் காட்டுங்கள், எண் அச்சிட்டிருக்கிற இடம் பளிச்சென்று ஒளிரும். இப்போது விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். லென்ஸ் வழியாகப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்து நோட்டை நேராகப் பாருங்கள். லென்ஸின் நிழல் விழுகிற இடத்தில் எண் செத்துப்போனால் நல்ல கண்ணாடி. மங்கலாகவாவது மினுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மோசமான சரக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். சின்னச் சாவிக்கொத்து டார்ச்சுகளில் பல வெறும் ஊதா வெளிச்சம்தான் அடிக்கும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இருட்டுக்கும் ஒரு அளவு உண்டு. கறுப்புக் கண்ணாடிகளை 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகை வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும். நீங்கள் போகிற சிஸ்ஸு, சோலங், ரோதாங்குக்கு இது போதும். நான்காம் வகை 3 முதல் 8 சதவீதம்தான் விடும். லடாக் பக்கம் பனிப்பாறை மேல் நாள் கணக்கில் நடக்கிறவர்களுக்கு உரியது அது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. ஒரு வாடிக்கையாளர் பட்டறையில் இருக்கிற கேஸ் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். புற ஊதா அணுவளவும் போகாதுதான், ஆனால் அந்த இருட்டில் எது பள்ளம் எது மேடு என்று தெரியாமல் காலை ஒடித்துக்கொள்வார். நிறத்தில் சாம்பலோ பழுப்போ எடுங்கள். மேகமான நாளில் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாதபோது பழுப்பு கொஞ்சம் உதவும். போலரைஸ்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. தார் ரோடு, தண்ணீர் மேல் வருகிற பளபளப்பில் அது செய்கிற அளவு வேலையைப் புதுப் பனியில் செய்யாது. போலரைஸ்டு என்று எழுதியிருப்பதால் யூவி தடுக்கும் என்றும் ஆகிவிடாது.

பலர் கோட்டை விடுவது அளவில்தான். சினிமாவில் போடுவது போன்ற சின்ன வட்டக் கண்ணாடி இங்கே உதவாது. கன்னத்தோடும் நெற்றியோடும் ஒட்டி, பக்கவாட்டில் வளைந்து வருகிற பெரிய பிரேம் வேண்டும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் வெள்ளை வேட்டியை நாலு முழமும் விரித்து அதன் நடுவில் நில்லுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் பாருங்கள். கன்னத்துப் பக்கமிருந்து வெள்ளைக் கீற்று தெரிகிறதா? அந்தச் சந்து வழியாகத்தான் பனியிலும் கதிர் வரும். கொஞ்சம் இருந்தால் தாங்கலாம், விரல் நுழைகிற அளவு இருந்தால் வேறு பிரேம் பாருங்கள். (கூல் ரூஃப் பெயிண்ட் அடித்த மாடியிலேயே நிற்கிறோமே, அங்கே கூசுவதும் இதேதானா என்று கேட்பீர்கள். கூசும், ஆனால் அந்த வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற டைட்டானியம் புற ஊதாவை விழுங்கிக்கொள்ளும். பனி விழுங்காது.)

பையன் விஷயம். அவனுடைய பவர் கண்ணாடி பாலிகார்பனேட்டா என்று வாங்கின கடையில் கேளுங்கள். ஆமாம் என்றால் முன்பக்கக் காவல் பாதி இருக்கிறது, பக்கவாட்டுச் சந்துதான் பாக்கி. பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற பெரிய ஓவர் கிளாஸ் கிடைக்கிறது. கவர்ச்சியாக இருக்காது, ‘கண்ணு, போட்டுக்கோ சாமி’ என்று கொஞ்சித்தான் போட வைக்க வேண்டியிருக்கும். பனிச்சறுக்குக்குப் போடுகிற காகிளிலும் பவர் கண்ணாடி உள்ளே நுழைகிற வகை உண்டு, சோலங்கில் சறுக்கி விளையாடப் போகிறான் என்றால் அதுதான் சரி. கழுத்துக் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளை நான் அதிகம் வற்புறுத்துவேன். குட்டையாக இருப்பதால் முகம் பனிக்குப் பக்கம், கண்ணுக்குள் இருக்கிற லென்ஸும் இளசாக, தெளிவாக இருப்பதால் கதிர் ஆழமாகப் போகும்.

வெயிலில் கறுக்கிற போட்டோகுரோமிக் கண்ணாடி இருக்கிறதே, அது போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெளியே நிற்கும்போது நல்ல கம்பெனி லென்ஸ் ஓரளவு போதும். அதில் ஒரு வேடிக்கை உண்டு, குளிரில் அது நம்மூரில் கறுப்பதைவிட அதிகமாகக் கறுக்கும், பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரமும் எடுக்கும். பனியிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்தால் சில நிமிஷம் எதுவும் தெரியாது, படியைப் பார்த்து ஏறுங்கள். வேனுக்குள் அது கறுக்காது, முன் கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடும், கறுக்க வைப்பதே அந்தக் கதிர்தான். யாராவது சொந்த வண்டியை ஓட்டிப் போவதாக இருந்தால் அடல் சுரங்க வாசலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். 9 கிலோமீட்டர் சுரங்கம் அது, பனி வெளிச்சத்திலிருந்து நுழைகிற முதல் சில வினாடிகளே இருட்டாகத்தான் இருக்கும்.

அப்புச்சிக்கு வருகிறேன். புரை ஆபரேஷனில் இப்போது உள்ளே வைக்கிற லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு யூவி தடுப்பு உண்டு, அதனால் விழித்திரைக்குக் காவல் இருக்கிறது. ஆனால் பனிக்குருடு வருவது கருவிழியின் மேல்தோலில். உள்ளே இருக்கிற லென்ஸ் வாசலைக் காக்காது. ஆகவே அவருக்கும் கண்ணாடி வேண்டும், புரை எடுத்த கண்ணில் வெளிச்சம் அதிகம் நுழைவதால் கூச்சம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆபரேஷன் முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கிறது என்றால் பயணத்தைப் பற்றி ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட பெரியவர் யாராவது கூட வந்தால் அவர் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும், அவருடைய விழித்திரைக்கு முன்னால் இருக்க வேண்டிய இயற்கை லென்ஸின் தடுப்பு இல்லை.

அங்கே போன பிறகு பெரும்பாலானோர் கண்ணாடியைக் கழற்றுவது ஆவி படிவதால்தான். மப்ளரை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினால் மூச்சு முழுக்க லென்ஸுக்குப் போகும். மூக்குக்குக் கீழே கட்டுங்கள், ஒரு பருத்தித் துணி கையில் வைத்திருங்கள், கம்பளிக் கையுறையால் துடைத்துக் கீறல் போடாதீர்கள். போகிற வழியில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கிற கடைகளில் கண்ணாடியும் தொங்கும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் வழியாக வேண்டாம்.

ஒன்று தொலைந்தோ உடைந்தோ போனால்? அதற்கும் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. வடதுருவத்து இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் கண்ணை மூடுகிற பட்டை செய்து, நடுவில் மெல்லிய கீறல் மட்டும் விட்டு அதன் வழியாகப் பார்த்தார்கள். உள்பக்கம் கரி பூசுவதும் உண்டு. லென்ஸே கிடையாது, கீறல் அளவுக்குத்தான் வெளிச்சம். திருப்பூர் பனியன் பெட்டி அட்டை இருந்தால் போதும், நீங்களே செய்துவிடலாம். முகத்தின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, மூக்குக்கு ஒரு வளைவு எடுத்து, இரண்டு கண்ணுக்கும் நேராக இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குக் கிடைக்கீறல் போட்டு, உள்பக்கம் மார்க்கரால் கறுப்பாக்கி, ரப்பர் பேண்டு கட்டுங்கள். எங்கள் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன், போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், தூரம் நன்றாகவே தெரியும். பக்கப் பார்வை மட்டும் போய்விடும், ஓடக் கூடாது. சுமார் 2,400 வருஷத்துக்கு முன் ஆர்மீனியப் பனியில் நடந்த கிரேக்கப் படைவீரர்கள் கண்ணுக்கு முன்னால் கறுப்பாக எதையாவது பிடித்துக்கொண்டு நடந்தார்களாம், அதைவிட இது தேவலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது அடித்துவிட்டால் செய்ய வேண்டியது குறைவுதான். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். அறையை இருட்டாக்குங்கள். மூடிய இமை மேல் குளிர்ந்த ஈரத் துணி. கண்ணைக் கசக்கவே கூடாது, உதிர்ந்துகொண்டிருக்கிற தோலை நீங்களே தேய்த்து எடுத்த மாதிரி ஆகும். கண்ணீருக்குப் பதிலாகப் போடுகிற சாதாரண ஈரச் சொட்டு மருந்து ஒரு பாட்டில் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்கிற வலி மாத்திரையும் போடலாம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும், கருவிழித் தோல் ஓரத்திலிருந்து வேகமாக வளர்ந்து மூடிக்கொள்ளும். நந்தியாவட்டையும் உருளைக்கிழங்கும் செய்த உபகாரம் குளிர்ச்சிதான், மூடிய இமைக்கு மேல் வைத்ததோடு சரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கண்ணுக்குள் எதையும் விடக் கூடாது. புண்ணான கண்ணில் கிருமியை விதைக்கிற வேலை அது.

இதற்கும் மேலாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பட்டறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, மருந்துக்கடையில் ‘மரத்துப்போகிற சொட்டு’ கேட்டு வாங்கி விட்டுக்கொள்வது. போட்டதும் வலி சுவிட்ச் அணைத்த மாதிரி நின்றுவிடும். அது டாக்டர் சோதிக்கும்போது ஒரு முறை விடுகிற மருந்து. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழி கரைந்து நிரந்தரத் தழும்பு விழும். எங்கள் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி விட்டு விட்டே இடது கண் பார்வையில் பாதியை இழந்தார். ஸ்டீராய்டு சொட்டும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

ஒரு நாள் கழிந்தும் வலி குறையாவிட்டால், ஒரே கண்ணில் மட்டும் வலி இருந்தால், சீழ் வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை தெளியாவிட்டால் காத்திருக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். தோல் போன இடமெல்லாம் பச்சைப் புள்ளியாக மினுங்கும், என் கண்ணில் அன்று வானத்து நட்சத்திரம் மாதிரி இருந்ததாம். சன் ஸ்கிரீன் வழிந்து கண்ணில் பட்டாலும் எரியும், ஆனால் அது உடனே எரியும், கழுவினால் போகும். ராத்திரி வருவது வேறு. (அந்தக் கிரீமை மோவாய்க்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் தடவ மறக்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.)

ஒன்பது பேருக்கு ஒன்பது வாங்கினால் போதாது தம்பி, பதினொன்று வாங்குங்கள். யாராவது ஒருவர் அதன் மேல் உட்காருவார். அப்புறம், கேள்வியின் கடைசியில் “போட்டோவுக்கு மட்டும் கழற்றலாங்களா” என்று சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கழற்றுங்கள், நாலைந்து வினாடியில் ஒன்றும் ஆகாது. ஆனால் பனியில் கண்ணாடி இல்லாமல் எடுத்த படத்தில் ஒன்பது பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு புளியங்காயைக் கடித்தது மாதிரி நிற்பீர்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருக்கிறது.